மதுரைச் சமவெளியில் சரக்குந்து மாற்றங்கள்: ‘செயல்திறன்’ என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஊர்தியின் செயல்திறனை உயர்த்துதல் என்பது இன்று பெரும்பாலும் பொறியின் குதிரைத்திறனை உயர்த்துதல் என்றே பொருள்கொள்ளப்படுகிறது. மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் 1910கள் முதல் சரக்குந்துகளில் செய்யப்பட்ட மாற்றங்களை ஆராயும்போது வேறோர் அளவுகோல் புலப்படுகிறது. எப்பொருள் அரிதாக இருந்ததோ அதனைக் காத்த மாற்றமே பயனுடைய மாற்றமாக நிலைபெற்றது. ஆற்றலைக் குறைத்த மாற்றங்கள்கூட இவ்வகையில் மேம்பாடாக ஏற்கப்பட்டன. இன்றைய சிறுசரக்குந்துகளில் செய்யப்படும் மாற்றங்களை இவ்வளவுகோலால் மதிப்பிடவும், அவற்றின் சுமை யார்மீது விழுகிறது என்பதைக் காட்டவும் இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மதுரை, சரக்குந்து, டி.வி.எஸ்., கரிவளி, டயர் மறுபூச்சு, குட்டியானை, மோட்டார் வாகனச் சட்டம்.

முன்னுரை

தமிழகப் போக்குவரத்து வரலாறு இதுவரை பெரிதும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. யார் தொடங்கினார், எத்தனை வண்டிகள் ஓடின, எப்போது நாட்டுடைமையாயின என்பவை பதிவாகியுள்ளன. பட்டறைகளில் வண்டிக்கு என்ன செய்யப்பட்டது, அது ஏன் செய்யப்பட்டது என்பதற்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. ஆலையிலிருந்து வந்த வடிவிலேயே எந்தச் சரக்குந்தும் இச்சமவெளியில் நெடுங்காலம் ஓடியதில்லை. வெயில், கப்பிச்சாலை, கரிசல் மண், சரக்கின் தன்மை, எரிபொருளின் விலை ஆகிய ஒவ்வொன்றும் வண்டியின் உறுப்புகளில் தம் தடத்தைப் பதித்துள்ளன.

இக்கட்டுரையில் பேருந்துகளும் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேருந்து என்பது பெரும்பாலும் சரக்குந்தின் அடிச்சட்டகத்தின்மேல் உள்ளூரில் மரக்கூடு கட்டிய வண்டியே. இரண்டின் பொறியும் அச்சும் பிரேக்கும் ஒன்றே. அவற்றைப் பழுதுபார்த்த கைகளும் ஒன்றே.

மாற்றத்தில் பிறந்த ஊர்தி

சிறுசரக்குந்து என்னும் ஊர்தியே ஒரு மாற்றத்தின் விளைவு. ஃபோர்டு நிறுவனம் 1908இல் வெளியிட்ட ‘மாடல் டி’ மகிழுந்தின் பின்பகுதியை நீக்கி, நீண்ட சட்டகத்தை இணைத்துச் சரக்கு ஏற்றும் வழக்கம் அமெரிக்காவில் விரைவில் பரவியது. இதற்கான இணைப்புத் தொகுதிகளைப் பிற நிறுவனங்கள் விற்றன. அதனைக் கண்டே ஃபோர்டு 1917இல் ஒரு டன் சுமைக்குரிய ‘மாடல் டி டி’ அடிச்சட்டகத்தையும், 1925இல் ஆலையிலேயே பொருத்திய ‘பிக்கப்’ கூட்டையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. பொறி ஏறத்தாழ 2.9 லிட்டர் கொள்ளளவு உடையது. அதன் ஆற்றல் 20 குதிரைத்திறன்.

அவ்வண்டிக்கென விற்கப்பட்ட துணைக்கருவிகளின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. ஒருசாரார் வேகத்திற்காகப் பொறியின் தலைப்பகுதியை மாற்றினர். மற்றொருசாரார் மேடேறுவதற்காகத் துணைக் கியர் பெட்டியைப் பொருத்தினர். மாடல் டி வண்டியின் கால் பிரேக்கு சக்கரங்களில் இல்லை. அது கியர் தொகுதிக்குள் இருந்தது. பின்னால் பொருத்திய துணைக் கியர் இடையில் நழுவி எப்பல்லிலும் பிடிக்காமல் நின்றுவிட்டால், சரிவில் இறங்கும் வண்டிக்கும் அதன் கால் பிரேக்குக்கும் தொடர்பே அற்றுப்போகும். எனவே கியர் பெட்டி வாங்கியவர் பின்சக்கரங்களுக்கு வெளிப்பட்டை பிரேக்கையும் வாங்க வேண்டியதாயிற்று. ஓர் உறுப்பின் திறனை உயர்த்தும்போது அதன் சுமை வேறோர் உறுப்பின்மேல் ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தொடக்ககாலச் சான்று இல்லை.

ஆணியும் நேரமும்

மதுரைக்கு இருப்புப்பாதை 1875இல் வந்தது. பெரியாறு அணை 1895இல் நிறைவடைந்து, அதன் நீர் வைகை வழியாக மேலூர் வரையிலான நிலங்களுக்குப் பாய்ந்தது. ஹார்வி குழுமத்தின் மதுரா மில் பஞ்சைத் தேடி நின்றது. நெல்லும் பஞ்சும் பெருகின. ஆயினும் வயலுக்கும் தொடர்வண்டி நிலையத்திற்கும் இடைப்பட்ட தொலைவு மாட்டுவண்டியின் வசமே இருந்தது.

இந்த இடைவெளியில்தான் மோட்டார் வண்டி நுழைந்தது. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பேருந்துச் சேவை தொடங்கியது. பின்னாளில் அந்நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரும் விற்பனை முகமையாக வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டும் ஆலையைத் திறந்தபின் செவர்லே அடிச்சட்டகங்கள் இந்தியாவில் எளிதாகக் கிடைத்தன. 1929இன் செவர்லே ஆறு உருளைப் பொறியின் ஆற்றல் 46 குதிரைத்திறன். மாடல் டி டியோடு ஒப்பிட்டால் அது இருமடங்கிற்கும் மேல். ஆகவே முப்பதுகளின் மதுரைப் பட்டறைக்குப் பொறியின் ஆற்றல் ஒரு சிக்கலாக இருக்கவில்லை.

சிக்கல் சாலையில் இருந்தது. மாட்டின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் கப்பிச்சாலை எங்கும் கிடந்தன. காற்றடைத்த டயர் ஒவ்வொரு ஆணிக்கும் ஒருமுறை நின்றது. டி.வி.எஸ். நிறுவனம் காந்தம் பொருத்திய வண்டியை முன்னே ஓட்டிச் சாலையிலிருந்த ஆணிகளைத் திரட்டியது என்பது மதுரை வட்டாரத்தில் பரவலாக வழங்கும் செய்தி. அந்நிறுவனப் பேருந்தின் வருகையைக் கொண்டு ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்பதும் அவ்வாறே வழங்குகிறது. இரண்டாம் செய்தி மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டு, முதற்செய்தி வியப்புக்குரிய துணுக்காக மட்டும் சொல்லப்படுவது பொருத்தமன்று. நேரந்தவறாமை ஓட்டுநரின் ஒழுக்கத்தால் மட்டும் வருவதன்று. ஆணி அகற்றப்பட்டதால்தான் கடிகாரம் திருத்தப்பட்டது. அக்காலத்து வண்டிக்குச் செய்யத்தக்க மிகச் சிறந்த மேம்பாடு வண்டிக்கு வெளியே, சாலையின்மேல் செய்யப்பட்டது.

கரியில் ஓடிய வண்டி

செயல்திறன் என்னும் சொல்லின் பொருள் முற்றிலும் தலைகீழானது இரண்டாம் உலகப்போரின்போதுதான். இந்தியாவில் 1941இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தன. பர்மாவின் எண்ணெயும் மலாயாவின் ரப்பரும் சில வாரங்களுக்குள் கைவிட்டுப் போயின. ஓடும் வண்டிக்குத் தேவையான இரண்டு பொருள்களும் ஒரே நேரத்தில் அரியவையாயின.

முதல் தட்டுப்பாட்டிற்கு விடையாக வந்ததே கரிவளிக் கலன். மக்கள் வழக்கில் இவ்வண்டி ‘கரி பஸ்’ எனப்பட்டது. இதன் இயக்கம் எளியது. வண்டியின் பின்புறம் ஓர் இரும்பு உருளை நிறுத்தப்பட்டு அதில் அடுப்புக்கரி நிரப்பப்படும். கீழே தீ மூட்டி, கையால் சுழற்றும் ஊதியால் காற்றைச் செலுத்துவர். போதிய காற்று கிடைக்காத நிலையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அவ்வளி குளிர்விப்புக் குழாய்களிலும் வடிகட்டியிலும் சென்று, தூசு நீங்கி, பெட்ரோல் ஆவிக்குப் பதிலாகப் பொறிக்குள் நுழையும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி போதும்.

ஆனால் இவ்வளியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு எரியாத நைட்ரஜன். அதனால் பெட்ரோலுக்கென வடிக்கப்பட்ட பொறியை மாற்றமின்றிக் கரிவளியில் ஓட்டினால் ஆற்றலில் 40 முதல் 50 விழுக்காடு குறையும். போருக்குச் சற்று முந்தைய செவர்லே பொறி ஏறத்தாழ 80 குதிரைத்திறன் தந்தது. கரியில் அது நாற்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். பத்தாண்டுகளுக்கு முந்தைய வண்டியின் நிலைக்குப் புதிய வண்டி திரும்பியது எனலாம்.

இந்த இழப்பை ஈடுசெய்யப் பட்டறைகளுக்கு இருந்த வழிகள் கவனத்திற்குரியவை. கரிவளி மெதுவாக எரிவதால் தீப்பொறி விழும் நேரத்தை முன்னுக்குத் தள்ள வேண்டும். பொறியின் தலைப்பகுதியைச் செதுக்கி அமுக்க விகிதத்தை உயர்த்தலாம். பின்னச்சின் பல்விகிதத்தைக் கூட்டி வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையைப் பெறலாம். பந்தய வண்டிக்காரர் வேகத்திற்காகச் செய்யும் வேலைகளில் முதலிரண்டும் உண்டு. இழந்த ஆற்றலில் ஒரு பகுதியை மீட்பதற்காக மட்டுமே இங்கு அவை பயன்பட்டன. ஒரே வேலை, ஒரே உளி. நோக்கமே வேறு.

டி.வி.எஸ். நிறுவனம் இக்கலனைத் தன் பெயரிலேயே வடிவமைத்து உற்பத்தி செய்தது. கரிவளி மதுரையில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதுபோலச் சில புகழுரைகளில் தொனிப்பது சரியன்று. பிரான்சில் இம்பெர்ட்டின் பணி 1920களிலேயே இக்கருவியைச் சாலைக்குக் கொணர்ந்திருந்தது. போர்க்கால ஐரோப்பாவில் பல இலட்சம் வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. மதுரையின் பங்களிப்பு கண்டுபிடிப்பில் இல்லை. உள்ளூர் இரும்பு, உள்ளூர்க் கரி, உள்ளூர்க் கொல்லர் ஆகியோரைக் கொண்டு அதனைத் தொடர்ந்து ஓடும் பொருளாக்கியதில் உள்ளது. வடிகட்டியை நாள்தோறும் துப்புரவு செய்யாவிட்டால் சாம்பல் பொறிக்குள் சென்று உருளைச் சுவரை அரித்துவிடும். எனவே கரிவண்டியின் வெற்றி, கலனை விற்றதைவிட அதைப் பேணியதைச் சார்ந்திருந்தது. பேணும் பட்டறை அருகில் இருந்த வண்டி ஓடியது.

இம்மாற்றத்தின் விலையைச் செலுத்தியவர் யார் என்னும் வினாவை நிறுவன வரலாறுகள் எழுப்புவதில்லை. புறப்படுவதற்கு முன் ஊதியைச் சுழற்றியவர், வழியில் கலனைத் திறந்து கரி கொட்டியவர், நெருப்புத் துகளை அகற்றியவர் எல்லாம் ஓட்டுநரின் துணையாளே. கலனில் பிறக்கும் வளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகையில் கலனைத் திறப்பது உயிருக்கு ஊறு விளைவிக்கும் செயல். பெட்ரோல் செலவு பயணக்கட்டணத்தில் சேர்ந்திருந்தது. கரியின் செலவில் ஒரு பகுதி அத்துணையாளின் நுரையீரலில் சேர்ந்தது.

இரண்டாம் தட்டுப்பாடான ரப்பருக்கு விடை, டயர் மறுபூச்சு. சுந்தரம் ஐயங்கார் இதற்கென ஓர் ஆலையையும் அமைத்தார். டயரில் முதலில் தேய்வது தரையைத் தொடும் மேற்பூச்சு. அதன் மதிப்பில் பெரும்பங்கு நூலிழைகளால் ஆன உடற்பகுதியில் உள்ளது. உடல் சிதையாத டயரின்மேல் புதிய ரப்பர் பட்டையை வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்துப் பதித்தால், புது டயருக்குத் தேவைப்படும் ரப்பரில் சிறு பகுதியைக் கொண்டே மற்றொரு வாழ்நாளைப் பெறலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உடல் சிதையும் முன்பே டயரைக் கழற்றியாக வேண்டும். மிகைச்சுமை ஏற்றியும் காற்றுக் குறைவாக ஓட்டியும் பக்கச்சுவர் வெடித்த டயருக்கு மறுபூச்சு இல்லை. ஆகவே மறுபூச்சு என்னும் தொழில், சுமையையும் காற்றழுத்தத்தையும் கண்காணிக்கும் ஓர் ஒழுங்கையும் உடன் கொணர்ந்தது. கரிவளி போரோடு மறைந்தது. மறுபூச்சு நிலைத்தது. அரிதாக இருந்த பெட்ரோல் மீண்டும் கிடைத்தது. டயரோ எக்காலத்தும் சரக்குந்துக்காரருக்கு விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. அதுவே இவ்வேறுபாட்டின் காரணம்.

டீசல்

போருக்குப் பிந்தைய மாற்றத்தைச் சுருங்கச் சொல்லலாம். பிரிட்டனில் 1930களின் இறுதியில் உருவான பெர்க்கின்ஸ் பி6 டீசல் பொறி, ஏறத்தாழ 4.7 லிட்டர் கொள்ளளவுடையது. 1950களில் அதனைச் சென்னையின் சிம்சன் நிறுவனம் இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. பழைய செவர்லே, பெட்ஃபோர்டு வண்டிகளின் பெட்ரோல் பொறியை எடுத்துவிட்டு இதனைப் பொருத்துவது பரவலான வழக்கமாயிற்று. உச்ச ஆற்றலில் பழைய பொறிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எரிபொருள் செலவில்தான் வேறுபாடு. இங்கும் உரிமையாளர் வாங்கியது வேகத்தை அன்று. ஒரு காலன் எண்ணெய்க்குக் கூடுதலாகக் கிடைத்த தொலைவையே அவர் வாங்கினார். கனமான பொறியைத் தாங்க முன்னச்சின் வில்பட்டைகளையும் வலுப்படுத்த வேண்டியிருந்தது. மாடல் டியின் கதை சிறு அளவில் மீண்டும் நிகழ்ந்தது.

தமிழக அரசு 1972இல் பெரிய பேருந்து நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியபோது மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. பயணியர் போக்குவரத்து அரசிடம் சென்றது. சரக்கும், வண்டியின் உறுப்புகளைச் செய்யும் தொழிலும் தனியாரிடமே நின்றன. மேலூர் வட்டம் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் ஆலை 1980களில் எழுந்தது இத்தொடர்ச்சியில்தான்.

குட்டியானையின் காலம்

டாடா நிறுவனம் 2005 மே மாதத்தில் ‘ஏஸ்’ என்னும் சிறுசரக்குந்தை வெளியிட்டது. இரு உருளை, 702 கன செ.மீ. டீசல் பொறி, 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. சுமையோடு சேர்ந்த மொத்த எடை 1,550 கிலோ. தமிழகத்தில் அதற்குக் ‘குட்டியானை’ என்னும் பெயர் நிலைத்தது. அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ 2011இல் ஒன்றேகால் டன் சுமையோடு வந்தது. மகிந்திரா பொலிரோ பிக்கப்பும் இதே இடத்தில் போட்டியிட்டது. குட்டியானையின் 16 குதிரைத்திறன் 1917இன் ஃபோர்டு சரக்குந்தின் ஆற்றலைவிடக் குறைவு என்பது வரலாற்றின் சுவையான முரண்.

இவ்வண்டிகளின் உரிமையாளர் பெரும்பாலும் ஒரே வண்டி உடையவர். தவணையில் வாங்கியவர். முன்பு ஒரு பெருநிறுவனத்தின் பட்டறை எடுத்த முடிவை இன்று அவர் தனியாக, சாலையோர மெக்கானிக்கின் சொல்லைக் கேட்டு எடுக்கிறார். அவர்முன் வைக்கப்படும் மாற்றங்கள் பல: பின்னச்சில் கூடுதல் வில்பட்டை, கூடுதல் அடுக்குடைய டயர், உயர்த்திக் கட்டிய பக்கக்கம்பி, எரிபொருள் பம்பின் அளவை ஏற்றுதல், அண்மைக்கால வண்டியெனில் பொறியின் கணினிக் கட்டளையை மாற்றுதல். இவற்றுள் எது பணத்திற்குத் தகும் என்பதை வண்டியைப் பார்த்துச் சொல்ல இயலாது. சரக்கைப் பார்த்தே சொல்ல இயலும்.

மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற இம்மலர் விடியலில் மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வருகிறது. இடத்தை அடைத்துக்கொள்ளும் சரக்கு இது. எடை மிகக் குறைவு. ஒரு மணி நேரம் தாழ்ந்தால் விலை சரியும். இவ்வண்டிக்குக் கூடுதல் வில்பட்டை வீண்செலவு. வழியில் நிற்காத டயரும், விடியற்கருக்கலில் சாலையைக் காட்டும் விளக்கும், காற்றோட்டமுள்ள மேல்மூடியுமே அதற்கு மேம்பாடு. ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி ஏற்றும் வண்டிக்கு நிலை வேறு. வில்பட்டையை மிகுதியாக ஏற்றினால், பாதிச் சுமையோடு வரும் நாளில் அச்சு விறைத்து ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்வும் பெட்டிக்குள் செல்லும். அடித்தட்டுப் பழம் நசுங்கும். சுமை ஒரு குறித்த அளவைத் தாண்டியபின் மட்டும் தொடும் துணைவில் அங்கு பொருந்தும். செங்கலும் கல்லும் ஏற்றும் வண்டிக்கே விறைத்த வில்பட்டை பயன்படுகிறது. அங்குதான் இடரும் தொடங்குகிறது.

வில்பட்டை ஏற்றிய வண்டி மிகைச்சுமையிலும் பின்புறம் தாழாமல் நிற்கும். நேராக நிற்பதால் அது சுமையைத் தாங்குகிறது என்று கண் நம்பிவிடும். பிரேக்கு நம்புவதில்லை. முக்கால் டன்னுக்குப் பதில் ஒன்றரை டன் ஏற்றினால் குட்டியானையின் மொத்த எடை 2,300 கிலோ ஆகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதனை நிறுத்தும்போது பிரேக்கு வெப்பமாக மாற்றவேண்டிய இயக்க ஆற்றல் முன்னையதைவிட ஏறத்தாழ 48 விழுக்காடு மிகுதி. அதே பிரேக்கு அதே வேலையை மட்டும் செய்யவேண்டுமெனில் வண்டி 49 கி.மீ. வேகத்தைத் தாண்டலாகாது. வில்பட்டை விற்றவர் இக்கணக்கைச் சொல்வதில்லை.

இனிப் பொறியின் ஆற்றல். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடைப்பட்ட கணவாய்ச் சாலைபோன்ற ஏற்றங்களில்தான் சமவெளி ஓட்டுநர் ஆற்றல் குறைவை உணர்கிறார். நூறு அடிக்கு 6 அடி உயரும் ஒரு சரிவைக் கணக்கிற்காகக் கொள்வோம். உரிய சுமையோடு 16 குதிரைத்திறன் வண்டி அதில் ஏறத்தாழ 32 கி.மீ. வேகத்தில் ஏறும். இருமடங்கு சுமையோடு 21 கி.மீ. வேகத்தில் ஏறும். எரிபொருள் பம்பை ஏற்றி ஆற்றலை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் அது 26 கி.மீ. ஆகும். ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தில் மிச்சமாகும் நேரம் அரை நிமிடத்திற்கும் குறைவு. சமதரையில் சந்தையும் சிக்னலும் மாடும் வேகத்தைத் தீர்மானிப்பதால் அந்த மிச்சமும் இல்லை. ஆனால் எரியாத டீசல் கரும்புகையாகும். வெப்பம் ஏறும். கோடை வெயில் 40 பாகையைத் தொடும் ஊரில் ரேடியேட்டரின் பணி கூடும். தேவைக்கேற்ப மேடேறும் திறனைப் பெற மலிவான வழி, சுமையைக் குறைத்து இரண்டு நடையாக ஓட்டுவதே. வாடகை நடைக்கணக்கில் பேசப்படுவதால் அவ்வழி அவருக்கு அடைபட்டுக் கிடக்கிறது. பம்பைத் திருகுபவரின் அறியாமையை மட்டும் குறைசொல்வது இதனாலேயே நேர்மையாகாது. சரக்கு ஏற்றுபவர் ஒரு நடைக்கு மட்டும் பணம் தருகிறார்.

ரேடியேட்டரைப் பற்றி ஒரு செய்தியை இடைக்குறிப்பாகச் சேர்க்கலாம். அதன் மூடி உள்ளழுத்தத்தைப் பிடித்துவைத்து நீர் கொதிக்கும் நிலையை உயர்த்துகிறது. சில நூறு ரூபாய்ப் பொருள். அதன் ரப்பர் வளையம் தளர்ந்தால் நல்ல பொறியும் சூடேறி நிற்கும். செவர்லே விற்ற மதுரைக் குடும்பத்தின் வழிவந்த சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் நிறுவனம் 1990களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கே ரேடியேட்டர் மூடிகளைச் செய்து அனுப்பியது. சாலையோரப் பட்டறையில் மாற்றங்களின் பட்டியல் பேசப்படும்போது இம்மூடி அதில் இடம்பெறுவதில்லை.

சட்டம் காண்பதும் காணாததும்

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே வண்டியில் செய்யும் மாற்றத்தைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் எனக் கோரியது. 1988ஆம் ஆண்டின் சட்டம் 52ஆம் பிரிவில் அதனைத் தொடர்ந்தது. வண்டியின் அடிப்படைக் கூறு மாறும்படி அமைப்பில் செய்யப்படுவதே மாற்றம் என அது விளக்குகிறது. 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிற்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என இப்பிரிவுக்குக் கண்டிப்பான பொருள் கூறியது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம், இசைவில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. மிகைச்சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் தண்டம்.

சட்டத்தின் கண் வெளித்தோற்றத்தில் நிற்கிறது. உயர்த்திக் கட்டிய கம்பி தெரியும். சேர்த்த ஒரு வில்பட்டை எளிதில் தெரியாது. திருகிய பம்பு புகையில் மட்டும் தெரியும். தேய்ந்த பிரேக்குப் பட்டையோ எந்த மாற்றத்தின் வரையறைக்குள்ளும் வராது. அது செய்யப்பட்ட ஒன்றன்று, செய்யாமல் விடப்பட்ட ஒன்று. டி.வி.எஸ். பட்டறை போன்ற ஓர் அமைப்பு முன்னர் ஒரே கூரைக்கீழ் வைத்திருந்த மாற்றுதல், பேணுதல், சுமையைக் கண்காணித்தல் ஆகிய மூன்றும் இன்று மூன்று தனித்தனி ஆள்களிடம் பிரிந்து கிடக்கின்றன. மெக்கானிக் மாற்றுகிறார். உரிமையாளர் பணமிருந்தால் பேணுகிறார். கண்காணிப்பவர் சோதனைச்சாவடியில் மட்டும் இருக்கிறார்.

வலுப்படுத்திய வண்டியில் சரக்கு மட்டும் ஏறுவதில்லை. நாற்று நடவும் களையெடுக்கவும் செல்லும் கூலியாட்கள், காதுகுத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் செல்லும் உறவுக்கூட்டம் ஆகியோரும் ஏறுகின்றனர். வில்பட்டை ஏற்றிய பின்பகுதி இருபது பேரையும் தாழாமல் தாங்குகிறது. நின்றுகொண்டு செல்வோரால் எடையின் மையம் உயர்வதால், வளைவில் கவிழும் வாய்ப்பும் உயர்கிறது. சரக்குந்தில் கட்டணமின்றி ஏறிச்செல்லும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்பதை நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஆஷா ராணி (2003) வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. சரக்கின் உரிமையாளருக்கும் அவர்தம் பிரதிநிதிக்கும் 1994ஆம் ஆண்டின் திருத்தம் தந்த காப்பு பிறருக்கு இல்லை. எனவே அத்தகைய வண்டி கவிழ்ந்து இறந்தவரின் குடும்பம் இழப்பீட்டை வண்டி உரிமையாளரிடமே கோர வேண்டும். பெரும்பாலும் அவரிடம் இருக்கும் சொத்து, தவணை முடியாத அந்த வண்டி ஒன்றுதான்.